இரண்டு பெட்டியும் பாதிப் பாதி

போன வாரம் கும்மிடிப்பூண்டியில் ஒரு ஸ்டீல் ஃபேக்டரிக்குப் போயிருந்தேன். புதிதாக வந்திருக்கும் டூயல் கோர் கம்ப்யூட்டரை, அதாவது கோர் என்கிற மூளை இரண்டு உள்ளதை, வாங்கலாமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மேனேஜர் என் பழைய நண்பர். அவருக்கு இரண்டு கேபின். ஒரே ஃபைலோடு இங்கும் அங்கும் நடந்தபடியே பேசினார். உபசாரம் பலமாக இருந்தது... அப்போதே எனக்குச் சந்தேகம்!

விஷயம் இதுதான். டெஸ்பாட்ச் செக்‌ஷனில் தேவகி, ஃபாத்திமா என்று இரண்டு பெண்கள் லாரிகளுக்கு பில் போடுகிறார்கள். புது மெஷினில் பில் பாதி நேரத்தில் வந்துவிடும், ஒருவர் போதும் என்று டீலர் சொல்லியிருக்கிறார். மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

தேவகி என்னை செக்‌ஷன் வாசலிலேயே மடக்கினார்.

"இன்னா சார், எங்கள்ல ஒருத்தர ஊட்டுக்கு அனுப்பத்தான் வந்துக்கீறீங்களா?"

"மெஷினைப் பார்க்கத்தான் வந்தேம்மா."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லிக்கினு வர்றாங்க!"

அவர் என்னை நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

டை கட்டிய டீலர், வேகத்தை அளக்கும் ஒரு பெஞ்ச்மார்க் புரோகிராமை ஓட்டினார். ஸ்கிரீனில் கோருக்கு ஒரு பெட்டி, எது எவ்வளவு உழைக்கிறது என்று காட்ட. இரண்டிலும் பச்சைக் கோடு உச்சிக்கு ஏறியது. மேனேஜர் கை தட்டாத குறை. ஆனால், வேலையைத் துண்டு துண்டாக்கிக் கொடுத்தால் இரண்டு கோரும் பாயத்தானே செய்யும்?

"நம்ம பில்லை ஓட்டுங்க" என்றேன்.

தேவகி புது மெஷினில், ஃபாத்திமா பழையதில். ஒரே பில். சேர்ந்து தட்டினார்கள். இரண்டு பிரிண்டர்களும் சேர்ந்தே அலறின!

டீலர் அசரவில்லை. "பாருங்க சார், ரெண்டு பெட்டியும் பாதிப் பாதி. ஷேர் பண்ணி வேலை செய்யுது!"

எனக்கு அங்கேதான் இடித்தது. இரண்டும் பங்கு போட்டால் பில் முன்னாலேயே வந்திருக்க வேண்டாமா? பில் புரோகிராம் ஒரே கோரில் மட்டும் ஓடும்படி செட்டிங்கை மாற்றினேன். ஒரு பெட்டி நிரம்பியது, இன்னொன்று படுத்துவிட்டது. பில்? அதே நேரத்தில்தான் வந்தது.

ஆக, இருந்தது துண்டு போட முடியாத ஒரே வேலை. வேலையைப் பங்கு போட வேண்டிய ஆபரேட்டிங் சிஸ்டம், அந்த ஒன்றையே இந்தக் கோருக்கும் அந்தக் கோருக்கும் மாற்றி மாற்றி அனுப்பியிருக்கிறது. பார்க்கிறவருக்கு இரண்டும் உழைப்பது போலத் தெரியும்... அவ்வளவுதான்!

மேனேஜர் முகம் சுருங்கியது. "சரி, ரெண்டு பேரும் இருக்கட்டும்" என்றார். ஃபாத்திமாவுக்கு மூச்சு வந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. தேவகி மட்டும், "நாளிக்கும் இதையே சொல்லுவாரா சார்?" என்றார்.

வெளியே வரும்போது பார்த்தேன். மேனேஜர் அதே ஃபைலோடு இந்தக் கேபினிலிருந்து அந்தக் கேபினுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று என்னிடம் யாருமே கேட்கவில்லையே!