அருவிக்குப் போக ஆண் துணை

ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எனக்கு லீவு. மற்ற நாளெல்லாம் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குப் போய்விடுவேன். ஏசி ஹாலில் நின்றுகொண்டே, செய்து வருகிற சாமான்களில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. திரும்பி வரும்போது இருட்டியிருக்கும். என் மேல் வெயில் படுவதே வாரத்தில் ஒரு நாள்தான். அந்த ஒரு நாளையும் துணி மடித்துக் கழிக்க எனக்கு மனசு வராது.

நாங்கள் இருப்பது திருப்பதிக்கு வெளியே, ரேணிகுண்டா பக்கம் புதிதாக எழும்பிய ஒரு காலனி. அமைதியான இடம் என்று சொல்லித்தான் விற்றார்கள். அமைதிதான், குறை சொல்ல முடியாது. தெருவில் ஹாரன் அடிக்கக் கூடாது. பார்க்கில் புல்லை மிதிக்கக் கூடாது. பிள்ளைகள் பந்து ஆடக் கூடாது. அந்தப் புல்லைச் சுற்றி சிமெண்டுக் கல் பதித்த பாதையில் மாடு செக்கைச் சுற்றுவதுபோல நடந்துகொண்டிருந்தபோதுதான் மற்ற இரண்டு பேரும் எனக்குப் பழக்கமானார்கள்.

ஒருத்தி நர்ஸ். தெலுங்குக்காரி, என் வயதுதான். எனக்குச் சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம், குடிபாலா பக்கம், வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வளர்ந்தவள் என்பதால் நாங்கள் இரண்டையும் கலந்து பேசிக்கொள்வோம். இன்னொருவர் நகரியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த அக்கா. அறுபதை நெருங்குகிற வயது. கல்யாணம் ஆன நாளிலிருந்து பவர்லூம் ஓடுகிற வீட்டிலேயே இருந்ததால் எதையும் உரக்கத்தான் பேசுவார். ரகசியம் சொன்னால்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

ஒருநாள் அவர்தான் நடப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஸ்கூட்டர் இருக்குது, நல்லா காலு இருக்குது. இந்தப் புல்லையே இன்னாத்துக்கு சுத்திக்கினு கீறோம்?"

அதிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறு எங்காவது கிளம்பிவிடுவோம். நர்ஸ் ஒரு ஸ்கூட்டர், நான் ஒரு ஸ்கூட்டர், அக்கா என் பின்னால். சந்திரகிரி கோட்டைக்குப் போனோம். கங்காதர நெல்லூர் தாண்டி ஒரு மாந்தோப்பில் உட்கார்ந்து புளிசோறு சாப்பிட்டோம். பெயர் தெரியாத ஒரு ஏரிக்கரையில் மத்தியானம் முழுக்கக் கொக்குகளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தோம். அக்காவுக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. "இவ்ளோ நேரம் எந்த சத்தமும் இல்லாம இருந்ததே இல்ல" என்றார், ஏரி முழுக்கக் கேட்கும்படி.

அப்படித்தான் அந்த அருவிக்கும் போனோம். புத்தூருக்கும் நகரிக்கும் நடுவே மலைக்குள் இருக்கிறது. பெயர் சொல்லவில்லை. நடந்தது எந்த அருவியிலும் நடக்கக் கூடியதுதான்.

கேட்டில் டிக்கெட் கிழிக்கிற காவல்காரர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு தெலுங்கில் கேட்டார்: "மகவாள்ளு எவரூ ராலேதா?" ஆம்பளைகள் யாரும் வரவில்லையா என்று.

"தண்ணில நனையறதுக்கு ஆம்பளைங்க எதுக்கு?" என்றாள் நர்ஸ்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், எங்கிருந்து வருகிறோம், வீட்டுக்காரர்களுக்குத் தெரியுமா, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "ஏதாவது ஆச்சுன்னா என்கிட்ட வரக் கூடாது" என்று டிக்கெட்டைக் கொடுத்தார். நாங்கள் அதை வாங்கிக்கொண்டிருக்கும்போதே சில வாலிபர்கள் பைக்குகளில் வந்து இறங்கினார்கள். நடுவில் இருந்தவன் தோளில் ஒரு பெரிய பை. அவன் அசைந்தபோதெல்லாம் உள்ளே கண்ணாடி கணகணவென்று சத்தம் போட்டது. காவல்காரர் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஜாக்கிரத தம்முடு, பாறை வழுக்கும்" என்று மட்டும் அன்பாகச் சொல்லி அனுப்பினார்.

அருவி நன்றாக விழுந்துகொண்டிருந்தது. அக்கா சேலையை முட்டிவரை தூக்கிச் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்பே தடாகத்தில் இறங்கிவிட்டார். கொஞ்ச தூரம் போனவர் அப்படியே நின்றார்.

"இன்னாமோ குத்திச்சு" என்றார். அன்றைக்குத்தான் அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது.

காலைத் தூக்கியபோது தண்ணீர் சிவந்தது. உடைந்த பீர் பாட்டிலின் அடிப்பாகம், குதிகாலுக்குப் பக்கத்தில் ஆழமாக இறங்கியிருந்தது. நர்ஸ் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். நான் துண்டைக் கிழித்துக் கொடுக்க, அவள் அழுத்திக் கட்டினாள். நாங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் அக்காவைத் தாங்கிக்கொண்டு பாறைகள் மேல் ஏறி வந்தோம். அவர் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "இந்தப் பக்கம் பாத்து வை, வழுக்கும்" என்று எனக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தார்.

கேட்டில் காவல்காரர் எழுந்து நின்றார். துண்டெல்லாம் ரத்தம். அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "நான் அப்பவே சொன்னேனே."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என்ன சொன்னார் இவர்? தண்ணிக்குள் பாட்டில் கிடக்கிறது என்றா சொன்னார்? எங்களோடு ஒரு ஆம்பளை வந்திருந்தால் அந்தக் கண்ணாடி மரியாதையாக ஒதுங்கிப் போயிருக்குமா? அப்போது அதைக் கேட்க நேரமில்லை. புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே தையல் போட்டார்கள். சீட்டு எழுதுகிறவர் தலையைத் தூக்காமல், "கூட வந்த ஜென்ட்ஸ் யாரு?" என்றார். நர்ஸ் அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, கூட வந்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் காலனி வாட்ஸ்அப் குரூப்பில் விஷயம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு சாயந்திரம் பார்க்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மீட்டிங். சங்கத் தலைவர் ரிட்டையர்டு அதிகாரி. எந்த விஷயத்தையும் சிரித்த முகத்தோடுதான் சொல்வார். அன்றைக்கும் சிரித்தபடி, இனிமேல் லேடீஸ் வெளியே போவதாக இருந்தால் சங்கத்துக்குச் சொல்லிவிட்டு, குடும்பத்தோடு, வேன் வைத்துப் போவது நல்லது என்றார். ஆண்கள் தலையாட்டினார்கள். பெண்களிலும் சிலர் ஆட்டினார்கள்.

நான் எழுந்தேன். "பாட்டிலை உடைச்சது லேடீஸ் இல்ல சார். அதைப் பத்தி யாருமே பேசலையே."

"கோவப்படாதீங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்."

அப்போது மூன்றாவது வீட்டுக்காரர், நல்ல எண்ணத்தோடுதான், சொன்னார்: "அந்த இடம் மோசமில்லீங்க. நாங்க ஜென்ட்ஸ் எல்லாம் போன மாசம் கெட்-டு-கெதர்னு அங்கதான் போனோம். ஜாலியா இருந்துட்டு வந்தோம். ஒண்ணும் ஆகலையே."

நர்ஸ் உட்கார்ந்தபடியே கேட்டாள்: "உங்க பாட்டிலெல்லாம் திரும்பி வந்துச்சாங்க?"

தலைவர் முகத்தில் சிரிப்பு மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு தண்ணீர் டேங்க் கழுவுவது பற்றிப் பேச ஆரம்பித்தார்.

என் வீட்டுக்காரர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த கெட்-டு-கெதருக்கு அவரும் போயிருந்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டேன்.

"சொல்லு. பாட்டிலெல்லாம் என்ன பண்ணீங்க?"

"நான் உடைக்கல."

"உடைச்சியான்னு கேக்கல. என்ன பண்ணீங்கன்னு கேட்டேன்."

அவர் சட்டைப் பித்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாறை ஓரமா வெச்சிட்டு வந்துட்டோம். யாராவது எடுத்துப்பாங்கன்னு."

யாராவது. வெயிலும் மழையும் எடுக்கும், குரங்கு எடுக்கும், வெள்ளம் வந்து உருட்டி உடைக்கும், கடைசியில் நகரி அக்காவின் குதிகால் எடுத்தது. இதைச் செய்துவிட்டு வந்த மனிதர் மீட்டிங்கில் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா மிதித்த அந்தக் கண்ணாடி இவர்கள் விட்டது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று அவராலும் சொல்ல முடியவில்லை. அந்த வாரம் நான் அவரோடு சாப்பாடு போடுகிற அளவுக்குத்தான் பேசினேன்.

அக்காவின் கால் ஆற மழைக்காலம் முடிந்துவிட்டது. மகன் வேண்டாம் என்று சொல்லியும், முதல் வேலையாக அங்கேயே போக வேண்டும் என்றார். "தண்ணில முழுசா நிக்கவே இல்ல நானு."

கிளம்புகிற அன்று காலையில் என் வீட்டுக்காரர் பேன்ட் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "நானும் வரேன். நாங்க போட்டதை நானே பொறுக்கறேன்."

அவர் மனசு எனக்குப் புரிந்தது. ஆனாலும் சொன்னேன்: "நீ வந்தா அந்த கேட்டு ஆளு உன்ன பாத்துதான் எங்கள உள்ள வுடுவான். அது எங்களுக்கு வேணாம். கோணி மட்டும் எடுத்துக் குடு."

கேட்டில் புது போர்டு ஒன்று மாட்டியிருந்தார்கள். குடும்பத்தினர் துணையின்றிப் பெண்களுக்கு அனுமதி இல்லை. தெலுங்கில் சரியாகவும் தமிழில் தப்பும் தவறுமாகவும். நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாளே அருவி டிக்கெட்டில் போட்டிருந்த அலுவலகத்துக்குப் புகார் எழுதியிருந்தோம், கண்ணாடி கிடக்கிறது, பாட்டில் கொண்டு போவதைத் தடுங்கள் என்று. அதற்கு வந்த பதில்தான் இந்த போர்டு. பாட்டிலுக்குத் தடை போடச் சொன்னோம், எங்களுக்குப் போட்டுவிட்டார்கள்.

காவல்காரர் அதை விரலால் காட்டினார். நர்ஸ் வாதாட ஆரம்பித்தாள். நான் போனை எடுத்து போர்டைப் படம் பிடித்தேன். அக்கா மட்டும் நொண்டி நொண்டி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போனார்.

"இன்னா நைனா, குடும்பம்தான வேணும்? இவ என் மூத்த பொண்ணு, இவ சின்னவ. போதுமா? இல்ல, ரேஷன் கார்டு எடுத்தாரணுமா?"

ஒருத்தி தெலுங்கு, ஒருத்தி தமிழ், முகத்தில் ஒரு ஜாடையும் கிடையாது. பொய் என்று அவருக்கும் தெரியும். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

நர்ஸுக்கு அது பெரிய சந்தோஷம். வழியெல்லாம் அக்காவை அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. டிக்கெட் காசு கொடுத்து, சொந்த வண்டியில் வந்து, ஒரு பொய்யும் சொன்னால்தான் தண்ணீரில் கால் வைக்கலாம் என்றால், அதில் ஜெயித்ததாக நினைக்க என்ன இருக்கிறது?

செருப்பைக் கழற்றாமல் தடாகத்தின் ஓரம் முழுக்கத் தேடினோம். கையுறை நர்ஸ் கொண்டு வந்திருந்தாள். பச்சை, பழுப்பு, வெள்ளை என்று எல்லா நிறத்திலும் கண்ணாடி. முழு பாட்டில்களைப் பாறை ஓரத்தில் பத்திரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள், யாராவது எடுப்பதற்காக. கோணி நிறைந்த பிறகு அக்கா இறங்கினார். அருவிக்கு அடியில் போய் நின்று, வெளியே வர மனசில்லாமல், எங்களை என்னவோ சொல்லிக் கூப்பிட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் அவர் குரலே எங்களுக்குக் கேட்கவில்லை.

கோணியை ஸ்கூட்டரில் என் காலடியில் வைத்துக் கொண்டு வந்தேன். மறுநாள் காலை குப்பை வண்டி வரும் நேரத்தில் என் வீட்டுக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு போய் எங்கள் வாசலில் நின்றார். நான் சொல்லவில்லை, அவராகவே போனார். கம்பெனி பஸ்ஸுக்கு அன்று நான் போகவில்லை, ஜன்னலில் இருந்து பார்த்தேன். வாக்கிங் வந்த சங்கத் தலைவர் கோணியைப் பார்த்து, இது என்ன என்று விசாரித்தார்.

"நம்ம பாட்டில் சார்" என்றார் இவர். "அருவியில விட்டுட்டு வந்தோமே, அது."

தலைவர் நடையைத் தொடர்ந்தார். அவர் சிரிக்காமல் போனதை அன்றுதான் பார்த்தேன். அந்த வாரமே குரூப்பில் ஜென்ட்ஸ் கெட்-டு-கெதர் இடம் மாற்றம் என்று ஒரு செய்தி வந்தது. வேறு இடம் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் பாறைகள் இருக்கும்.

போர்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. படத்தோடு இரண்டாவது புகாரும் அனுப்பிவிட்டோம். பதில் இல்லை. நாங்கள் போவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தக் காவல்காரர் எங்களைப் பார்த்ததும், "அம்மா, பொண்ணுங்களோட வந்தீங்களா?" என்று வேடிக்கையாகக் கேட்கிறார். அக்காவும் நர்ஸும் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை.