வரப்பில் விழுந்த மிராசுதார்

என் அப்பா ஒரு மனிதரை அடித்துச் சாய்த்துவிட்டார் என்று மூன்று நாட்கள் நான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்காமல் அதைப் போலீஸ்காரரிடம் சொல்லியும் விட்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

பூதலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர் மிராசுதாரிடம் எட்டு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அப்பா சாகுபடி செய்துவந்தார். உழுகிறவன் பெயரையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்த காலம். தெருமுனைக் கூட்டங்களில் அதே பேச்சு. அப்பாவும் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தார். அன்றிலிருந்து மிராசுதாருக்கு அவரைக் கண்டாலே ஆகவில்லை. மனுவைத் திரும்ப வாங்காவிட்டால் குறுவையை நானே அறுத்துக்கொள்வேன் என்று ஆள்விட்டுச் சொன்னார். அப்பா அசைந்து கொடுக்கவில்லை.

மிராசுதார் நல்ல வாட்டசாட்டமான ஆள். அறுபது வயதிலும் வெண்ணாற்றில் புதுத்தண்ணீர் வந்தால் எதிர்நீச்சல் போடுவார். வாயில் எந்நேரமும் சுருட்டு. அவர் காய்ச்சலென்று படுத்ததாக ஊரில் யாருக்கும் நினைவில்லை.

அறுப்பு நாளன்று பள்ளிக்கூடம் விடுமுறை. கதிர் பொறுக்கும் ஆசையில் நானும் அப்பாவோடு போனேன். போனால், மிராசுதார் வெளியூர் ஆட்கள் பத்துப் பேரோடு வரப்பில் நிற்கிறார். அப்பா தன் அரிவாளை என் கையில் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு முன்னால் போனார்.

"யாரும் இறங்காதீங்க. நட்டவன் நான், அறுக்கிறவனும் நான்தான்."

"யாரு நிலத்துல யாருடா நட்டது?" மிராசுதார் கத்திய கத்தலில் அவர் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. "ஏட்டுல பேரு ஏறிட்டா நீ மிராசு ஆயிடுவியா?"

அப்பா வலது கையை உயர்த்தினார். அவர் முதுகு நடுவில் மறைத்ததால் அந்த நொடியில் எனக்கு அந்தக் கை மட்டும்தான் தெரிந்தது. மறுகணம் மிராசுதார் பக்கவாட்டில் சாய்ந்து வயலுக்குள் விழுந்தார். விளைந்த கதிர்கள் அவருக்கடியில் நசுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. சுருட்டு மட்டும் வரப்பில் கிடந்து புகைந்தது.

"அடிச்சிட்டான்! ஐயாவ அடிச்சிட்டான்!" என்று ஒருவன் கூவினான். மற்றவர்கள் பின்வாங்கினார்கள். அப்பாதான் வயலில் குதித்து அவரைத் தூக்கி மடியில் கிடத்தினார். "ஐயா, கண்ணத் திறங்க. ஐயா…" மிராசுதாரின் ஒரு கண் திறந்திருந்தது, மற்றது பாதி மூடியிருந்தது. வாய் ஒரு பக்கமாகக் காதை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. மனித முகம் அப்படிக் கோணிப்போகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அவரைக் காரில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். உச்சிவேளைக்குள் எங்கள் தெருவுக்கு ஜீப் வந்துவிட்டது. ஒரு போலீஸ்காரர் என் முன்னால் குந்தி உட்கார்ந்து, இதமாகத்தான் கேட்டார்.

"பாப்பா, நீ அங்கதானே இருந்த? அப்பா அவர அடிச்சாரா?"

"கையைத் தூக்குனாங்க. அவரு விழுந்துட்டாரு."

அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். அதற்குள் போலீஸ்காரர் எழுதிக்கொண்டுவிட்டார். "நில்லுங்கன்னு கை காட்டினேங்க" என்று அப்பா சொன்னதை யாரும் எழுதவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். "புள்ள பாத்ததத்தான சொல்லுது, அது வாய ஏன் பொத்துற?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வீட்டில் அடுப்பு எரியவில்லை. அம்மா என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை பெரிய தெருவில் பறைச்சத்தம் கேட்டது. மிராசுதார் இறந்துவிட்டார். "இனிமே கொலைக் கேசுதான்" என்று யாரோ வாசலில் பேசியது காதில் விழுந்தது.

அன்று சின்னம்மா வந்தாள். அம்மாவின் தங்கை, சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஒரு மாதத்துக்கு முன்னால் ஊரில் பெரியவர்கள் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தாள். அதில் மிராசுதாருக்கு எழுதியிருந்த அளவை ஸ்டேஷனில் காட்டியிருக்கிறாள். "அக்கா புருஷனக் காப்பாத்த எழுதிக்கிட்டு வந்தியாம்மா?" என்று இன்ஸ்பெக்டர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே சாவு வீட்டுக்கு நடந்தாள்.

கூடம் நிறைய உறவுக்காரர்கள். இன்ஸ்பெக்டரும் நாற்காலியில் இருந்தார். எங்களைக் கண்டதும் சலசலப்பு. ஒருவர் வெளியே போகச் சொன்னார். தலைமாட்டில் இருந்த மிராசுதாரின் மனைவி எழுந்துவிட்டார். அந்த அம்மாள் ஆண்கள் நடுவில் பேசி யாரும் கேட்டதில்லை.

"அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க. ரெண்டு தரம் வந்து படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சு. ரத்தக்கொதிப்பு ஏகமா இருக்கு, சுருட்ட விடுங்க, ஊறுகாயக் குறைங்க, மாத்திரை போடுங்கன்னு. அவரு மாத்திரைய வாசல்ல வீசிட்டாரு. நோவே இல்லாதவனுக்கு மருந்து எதுக்குன்னாரு." மூச்சு வாங்கிக்கொண்டு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "அவர யாரும் அடிக்கலைங்க. பொய்யா ஒரு கொலைப்பழி இந்த வீட்டுலேர்ந்து போக வேணாம்."

உடம்பில் காயமே இல்லை, மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்தும் சொல்லிவிட்டார்கள். மறுநாள் அப்பா வந்துவிட்டார்.

தெருவே எங்கள் வீட்டில் கூடியது. அம்மா அதிராம்பட்டினத்துக் கருவாட்டை வறுத்து வைத்தாள். மூன்று நாள் பசிக்கு அப்பா பழைய சோற்றில் இன்னொரு கை உப்பு அள்ளிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். பக்கத்தில் புகையிலைப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. சின்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. நோட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"மாமா, இது மிராசுதாருக்கு எழுதினது. கீழ இருக்கிறது உங்களுக்கு எழுதினது. பாருங்க."

"போ புள்ள" என்றார் அப்பா. "உக்காந்து தின்னவருக்கு வர்றது, வெயில்ல கெடக்குறவனுக்கு எங்கேருந்து வரும்? எனக்கு ஒரு தலைவலி உண்டா, கேளு உங்கக்காவ."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மா தட்டிலிருந்த கருவாட்டை எடுக்கப் போனாள். அப்பா அவள் கையைத் தட்டிவிட்டார்.

நான் எட்டி அந்த நோட்டைப் பார்த்தேன். எண்களைப் படிக்கத் தெரியும். மிராசுதாருடையதைவிட அப்பாவுடையது கூடுதலாக இருந்தது. மிராசுதாரையே எங்கள் அப்பா முந்திவிட்டார் என்று மறுநாள் வகுப்பில் பெஞ்சு பெஞ்சாகப் போய்ச் சொன்னேன்.