சென்சரைக் கழற்றினேன், நெஞ்சைப் பிடித்தேன்

எனக்கு மாரடைப்பு வந்துவிட்டது என்றுதான் நம்பினேன். துளி சந்தேகமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, நமுனுகுல மலை ரோட்டில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

தலை கனத்தது. நெஞ்சில் யாரோ தேயிலைக் கொழுந்துக் கூடையோடு ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஐம்பதைத் தாண்டியவனுக்கு நெஞ்சில் வேறென்ன வரும்? வாயுவாக இருக்கும் என்று நினைக்கிற துணிச்சல் எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

இருங்கள், முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஏற்றம் என்றால் என் கார் கிழட்டு எருமை மாதிரி முனகும். சைலன்சரும் ஓட்டை. பதுளையில் சைலன்சர் வேலை பார்க்கும் பாஸ் ஒருவரிடம் கொண்டுபோனேன்; எங்கள் பக்கம் மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுவோம். காருக்கு அடியில் நுழைந்தார். டங்... டங்... என்று சத்தம். வெளியே வந்தபோது முகத்தில் பிரசவம் பார்த்த டாக்டரின் களை!

"புகைய சுத்தம் பண்ற பெட்டி அடைச்சுப் போச்சு சார். உள்ள இருந்தத எல்லாம் தட்டிக் கொட்டிட்டேன். இனிப் பாருங்க, பறக்கும்!"

"அது என்ன பாஸ் கையில?"

"பின்பக்கத்து ஆக்ஸிஜன் சென்சர். முன்னால உள்ள சென்சர் வேலை செய்யுது சார். இவன் பின்னால நின்னு, பெட்டி ஒழுங்கா இருக்கான்னு பார்த்துக் கோள் சொல்றவன். பெட்டிக்குள்ளயே ஒண்ணும் இல்ல... இவன் எதுக்கு?"

வேலை செய்யாமல் பின்னால் நின்று வேவு பார்க்கிற கங்காணி! அந்த இனத்தின் மேல், தோட்டத்தில் கொழுந்து பறித்த என் பரம்பரைக்கே ஒரு கோபம் உண்டு. "வேணாம் பாஸ், வீசுங்க!" என்றேன், தனியாளாக ஒரு புரட்சி நடத்திய பெருமையோடு.

உடனே டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சினில் கோளாறு என்று சொல்கிற விளக்கு. பாஸ் அதற்கும் மருந்து வைத்திருந்தார். ஒரு துண்டு கறுப்பு டேப்! விளக்கின் மேல் ஒட்டினார். கோளாறு தீர்ந்தது. நம் நாட்டில் எத்தனை பெரிய மனிதர்கள் எத்தனை பெரிய கோளாறுகளை இந்த டேப்பால்தானே தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

"சத்தம் கூடியிருக்கே பாஸ்?"

"அதுதான் சார் இழுவை!"

நாலெழுத்து படித்தவன் நான். நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டில் காதுகுத்து. மலையில் நல்ல மூடுபனி. கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு ஹீட்டரைப் போட்டேன். பக்கத்தில் மனைவி சரசு, பின்சீட்டில் மகள் கவி.

"அப்பா, தலை சுத்துதுப்பா."

"வளைவும்மா. கண்ண மூடிப் படு."

மலைநாட்டில் இது ஒரு பெரிய வசதி. வாந்தியா? வளைவு. தலைவலியா? வளைவு. மலையைச் சுற்றி ரோடு போட்ட வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டு, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போய்க்கொண்டே இருப்போம். கவி படுத்தாள். சத்தமில்லை. தூங்கிவிட்டாள், நல்லது என்று நினைத்தேன்.

அப்புறம்தான் என் மாரடைப்பு.

காரை ஓரங்கட்டினேன். "சரசு... இன்ஷூரன்ஸ் பேப்பர் எல்லாம் அலமாரியில... மேல் தட்டுல..."

"வாய மூடிக்கிட்டு இறங்கிக் காத்து வாங்குங்க."

இறங்கி நின்றேன். கொஞ்ச நேரத்தில் மாரடைப்பு போய்விட்டது. என்ன மரியாதை தெரிந்த மாரடைப்பு! திரும்ப ஏறி, கதவைச் சாத்தி, இரண்டு வளைவு தாண்டியிருப்பேன்... வந்துவிட்டது. மறுபடியும் ஓரங்கட்டினேன். விட்ட இடத்திலிருந்து உயிலைத் தொடர்ந்தேன்.

"உங்க அண்ணன் வந்து அழுதா நம்பாத சரசு..."

"சும்மா இருங்க! சாகப் போறது நீங்கதானே? எனக்கு ஏன் மண்டை பொளக்குது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. கடைசி நேரத்திலும் போட்டிக்கு வருகிறாளே!

அவள் பின்னால் திரும்பினாள். "கவி... ஏய் கவி! எந்திரி!"

கவி எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு நெஞ்சு என்று ஒன்று இருந்ததா என்றே ஞாபகமில்லை. இரண்டு பேருமாக அவளை வெளியே இழுத்து ரோட்டோரப் புல்லில் கிடத்தினோம். லேசாக முனகினாள். வாந்தி எடுத்தாள். பின்னால் வந்த ஆட்டோவை மறித்து, அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"டாக்டர், எனக்கும் கொஞ்சம் மாரடைப்பு..." என்றேன்.

யாழ்ப்பாணத்து டாக்டரம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. மகளைச் சோதித்துக்கொண்டே, "கார்க் கண்ணாடி எல்லாம் பூட்டிக்கொண்டோ வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

"ஆமாங்க, குளிரு..."

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் பிள்ளை எழும்பியிராது."

கவிக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். சாயங்காலம் போல் கண்ணைத் திறந்து, காதுகுத்து முடிந்துவிட்டதா என்று கேட்டாள். சரசு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மறுநாள் டாக்டரம்மா சொன்னபடி வேறொரு கராஜில் காரைத் தூக்கிப் பார்த்தார்கள். சென்சரைக் கழற்றிய இடத்தில் ஓட்டை, மூடாமல் அப்படியே இருந்தது. அதற்கு மேலே, கியர் கம்பி காருக்குள் நுழைகிற இடத்தைச் சுற்றியிருந்த ரப்பர் கிழிந்திருந்தது. பெட்டி காலியானதால் சுத்தமாகாத எஞ்சின் புகை, மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு விஷத்தோடு, அந்த வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறது. எனக்கு மாரடைப்பும் இல்லை, மகளுக்கு வளைவும் இல்லை. மூன்று பேரும் வழியெல்லாம் அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டு போயிருக்கிறோம்.