தமிழில் எண்ணியதால் தப்பினேன்

நாங்கள் குடியேறிய டூங்கபியில் சிநேகிதர்களோடு 304 என்ற சீட்டாட்டம் விளையாடும்போது, யார் கையில் என்ன காட்ஸ் இருக்கிறதென்று பாதி ஆட்டத்திலேயே சொல்லிவிடுவேன். அந்தத் திமிரில்தான் வீடியோ பார்த்து, சூதாட்ட விடுதிகளில் ஆடும் பிளாக்ஜாக்கில் காட்ஸ் எண்ணப் பழகினேன். சிறியது விழுந்தால் ஒன்று கூட்டவேண்டும், பெரியது விழுந்தால் ஒன்று கழிக்கவேண்டும். கணக்கு ஏறினால் மிச்சத்தில் பெரியவை அதிகம் என்று அர்த்தம். அப்போது துணிந்து கட்டலாம்.

போன வருடம் மனைவிக்குச் சொல்லாமல், வீடு வாங்கச் சேர்த்ததில் ஒரு பகுதியோடு கசினோவுக்குப் போனேன். அங்கே எவருக்கு விளங்கப்போகிறது என்று தமிழிலேயே முணுமுணுத்து எண்ணினேன். கணக்கு பதினொன்றுக்கு ஏறியதும் கொண்டுபோன பணம் முழுவதையும் கட்டக் கை நீட்டினேன்.

"அண்ணை, என்னத்தை எண்ணுறியள்?"

வெற்றுக் கிளாஸ்களை எடுக்க வந்த பணிப்பெண், குனிந்தபடி மெல்லக் கேட்டார்.

"ஒவ்வொரு ஆட்டம் முடியவும் விழுந்த காட்ஸை அந்த மெஷினுக்குள்ள திரும்பப் போட்டுக் கலக்கினம். பாக்கேல்லையோ?"

நான் பார்க்கவில்லை. மேசையில் விழுந்ததை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் கலக்கினால் என் கணக்குக்கு அர்த்தமே இல்லை. கையை இழுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். தன் வேலைக்கு ஆபத்தென்று தெரிந்தும் வாய் திறந்தவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டபின், ஒருநாள் மேய்ஸ் ஹில் கோயிலில் அந்தப் பெண்ணைக் கண்டு மனைவியோடு போய் நன்றி சொன்னேன். கசினோப் பக்கம் இப்போது போவதில்லை. ஞாயிறுகளில் அவரும் கணவரும் எங்கள் வீட்டுக்கு 304 விளையாட வருகிறார்கள். அவர் கையில் என்ன இருக்கிறதென்று மட்டும் இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.