அவருடைய ஏரியாவுக்கு வெளியே

செம்பாக்கத்தில் நாங்கள் மகளைக் காட்டும் குழந்தை டாக்டரின் அறையில் அந்தக் கோடையில்தான் ஏசி மாட்டியிருந்தார்கள். வாங்கிக் கொடுத்தது என் கணவர் வேலை பார்த்த மருந்து கம்பெனி. ஏற்பாடு செய்தவர் என் கணவர். அவர் மெடிக்கல் ரெப். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை அவருடைய ஏரியா.

மகளுக்குக் காய்ச்சலும் இருமலும் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தன. டாக்டர் நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்தார். ஃபீஸ் வாங்கவில்லை. எங்களிடம் எப்போதுமே வாங்கமாட்டார்.

"ஆன்டிபயாடிக் எழுதியிருக்கேம்மா. சார் கம்பெனிதுதான். சந்தோஷமா?" என்று சிரித்தார்.

அன்பாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். படியிறங்கும்போதுதான் உறைத்தது: போன மாதமும் இதே மருந்து. இது இவளுக்குத் தேவையா, இவள் அப்பாவுக்கா?

சாயங்காலம் கணவரிடம் கேட்டேன்.

"நெஜமாவே இது இவளுக்கு வேணுமா?"

"என்னைக் கேட்டா? நான் என்ன டாக்டரா?"

"தினம் டாக்டர்களுக்கு இதப் பத்திப் பாடம் எடுக்கறது நீங்கதானே?"

"அது வேல. அவர் நல்ல டாக்டர்மா. குடு."

ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மாதக் கடைசி, டார்கெட் முடியவில்லை. அதற்கு மேல் கேட்க மனம் வரவில்லை.

பாட்டிலில் மருந்து பொடியாக இருந்தது. ஆறிய வெந்நீர் ஊற்றிக் குலுக்கவேண்டும். குலுக்காமல் ஷெல்ஃபில் வைத்தேன். தப்புச் செய்கிறேனோ என்று அடிக்கடி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வேறு டாக்டரிடம் காட்டலாம். ஆனால் இங்கிருந்து பொழிச்சலூர் வரை எந்த கிளினிக் மேஜையிலும் என் கணவர் கொடுத்த பேனா ஸ்டாண்டு இருக்கும். "சார் வீட்டம்மாவா, உக்காருங்க" என்பார்கள்.

மறுநாள் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மின்சார ரயிலில் சைதாப்பேட்டை போனேன். அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். அந்த டாக்டரம்மா கேட்கவேயில்லை. ஃபீஸ் வாங்கிக்கொண்டார்.

"நெஞ்சு பூரா சளி. இவ்ளோ நாள் ஏம்மா விட்டீங்க? படிச்சவங்கதானே?"

எழுதியது அதே மருந்து. கம்பெனிதான் வேறு. அந்தக் கம்பெனியின் பேனா ஸ்டாண்டு அவர் மேஜையில் இருந்தது.

வீட்டுக்கு வந்து, ஷெல்ஃபில் இருந்த பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன். மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தாள். சைதாப்பேட்டையில் அந்த ஸ்டாண்டை வைத்துவிட்டுப் போனவருக்கும் வீடு இருக்கும், குழந்தை இருக்கும். அதற்கு இருமல் வந்தால் அதன் அம்மா எங்கே தூக்கிக்கொண்டு போவாள்? ரயிலேறி எங்கள் பக்கம்தான் வருவாளாக இருக்கும்.