முன்னுக்கு ஓராள், பின்னுக்கு ஓராள்

அண்ணியின் காரில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஓர் ஊன்றுகோல் கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த சாம்பல் நிற அலுமினியக் கோல். நுனி ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிட்டது. அண்ணிக்குக் காலில் ஒரு குறையும் இல்லை. ஐம்பது தாண்டியும் லண்டன் ஸ்ட்ரெதம் மேட்டில் என்னைவிட வேகமாக ஏறுவார். காரில் ஏறுகிறவர்கள் கால் தடக்கியதும், இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். தேவைப்படும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரை எடுப்பார். எதற்குத் தேவைப்படுகிறது என்பதை நான் ஒருநாள் கண்ணால் கண்டேன். அதைச் சொல்வதற்கு முதலில், அவர் காருக்கு ஒரு சைக்கிள் தாங்கி வாங்கிய கதையைச் சொல்ல வேண்டும்.

என் அண்ணை சைக்கிள் பைத்தியம். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத காலத்தில் ஒரு சைக்கிளில் வீட்டையே ஏற்றி இறக்கிய மனிதர். லண்டனுக்கு வந்து கார் வாங்கிய பிறகும் அந்தப் பைத்தியம் தெளியவில்லை. பள்ளி விடுமுறை தொடங்கியதும் நான்கு சைக்கிள்களையும் காரின் கூரையில் ஏற்றிக் கட்டி, அண்ணியையும் மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு கென்ட் கடற்கரைக்குப் போவார். "சைக்கிளில ஏறிப் போன சனம் நாங்கள், இஞ்ச சைக்கிளை ஏத்திக்கொண்டு போறம்" என்று ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் தூக்குகிற வேலையில் வேறொருவரையும் கை வைக்க விடமாட்டார். அது ஆண்பிள்ளை வேலை. அண்ணியின் வேலை சாப்பாட்டுப் பெட்டி.

அப்படியிருந்தவரை ஒரு காலைப்பொழுதில் பாரிசவாதம் இடப்பக்கமாக அடித்துப் போட்டது. உயிர் தப்பியது பெரிய காரியம்தான். ஆனால் அந்தக் கோலோடு வீட்டுக்கு வந்த அண்ணை சோபாவில் இருந்தவர், இருந்தவர்தான். நான் லண்டனின் மறுகோடியான செவன் கிங்ஸிலிருந்து போகும்போதெல்லாம் அதே மூலையில் அதே போர்வைக்குள் இருப்பார். சைக்கிள்கள் தோட்டத்துக் கொட்டிலில் சிலந்தி வலை பிடித்துக் கிடந்தன. கோடை விடுமுறைக்குக் கடலுக்குப் போவோமா என்று மகள் கேட்டபோது, "இனி அதெல்லாம் முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். குசினிக்குள் நின்ற அண்ணிக்கு அது கேட்டது. முடிந்ததா இல்லையா என்று பார்த்துவிடுவது என அன்றே தீர்மானித்துவிட்டார் என்று நினைக்கிறேன். அண்ணி பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணிடம் அண்ணி துருவித் துருவிக் கேட்டார். வலக்கால் நன்றாக இருக்கிறது, இடக்காலும் தேறி வருகிறது. காலைத் தாழ்வாக எடுத்துப் போடக்கூடிய மின்சார சைக்கிள் என்றால் சமதரையில் ஓடலாம் என்று அந்தப் பெண் சொன்னார். அடுத்த கிழமையே அப்படியொன்று வீட்டு வாசலில் நின்றது. மோட்டார் வைத்ததெல்லாம் ஒரு சைக்கிளோ என்று அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் மகன் பார்க்காத நேரத்தில் அதன் மணியை ஒருதரம் அடித்துப் பார்த்தாராம்.

சைக்கிள் வந்துவிட்டது, அதைக் கடற்கரைக்குக் கொண்டுபோவது எப்படி? குடும்பத்தில் ஆளுக்கொரு நியாயம் சொன்னார்கள். வான் பிடிப்போம், எல்லோருமாகப் போவோம் என்றார் பெரிய மாமா. பழைய கூரைத் தாங்கியே போதும், நான் வந்து ஏற்றித் தருகிறேன் என்றேன் நான். அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சைக்கிள் தூக்கச் செவன் கிங்ஸில இருந்து ஆள் வரவேணுமெண்டால் அது பயணமில்லைத் தம்பி, கலியாணவீடு. நான் தனியத் தூக்கேலாத ஒண்டும் இந்த வீட்டுக்கு வேண்டாம்."

இந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டுதான் அவர் கடை கடையாக ஏறி இறங்கினார். துணைக்கு நானும் போனேன். டூட்டிங் கடைத்தெருவில் வாங்குகிற இருபது கிலோ அரிசி மூட்டையை அவர் இடுப்பு மட்டத்துக்குத் தூக்குவார். தலைக்கு மேல் தூக்க ஏலாது. மின்சார சைக்கிளோ அந்த மூட்டையைவிடக் கனம். அதோடு கூரைத் தாங்கியின் கதை முடிந்தது. கூரையில் சைக்கிள் இருப்பதை மறந்து, உயரத் தடுப்புள்ள கார்ப் பார்க்குக்குள் நுழைந்து எல்லாவற்றையும் நொறுக்கிய ஒரு நண்பரின் கதையும் அவர் கட்சிக்கு உதவியது. அடுத்தது, டிக்கிக் கதவில் பட்டிகளால் கட்டித் தொங்கவிடுகிற தாங்கி. அது இந்தக் கனத்தைத் தாங்காது. அதைவிட, அதைக் கட்டினால் வழியில் டிக்கியைத் திறக்க முடியாது. கட்லெட்டும் தேத்தண்ணிப் போத்தலும் உள்ளே இருக்க, வெளியே நின்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்க எங்கள் ஆட்களால் ஆகுமா?

மிஞ்சியது, இழுவண்டி பூட்டுவதற்காகக் காரின் பின்னால் வைக்கிற இரும்புக் கொக்கியில் பொருத்துகிற தாங்கி. முழங்கால் உயரம்தான். காலால் ஒரு மிதி மிதித்தால் சைக்கிள்களோடு சேர்ந்து பின்னால் சரிந்து டிக்கிக்கு வழி விடும். கொக்கி எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் கார்க் கையேட்டில் தேடி எடுத்து, தாங்கியின் நிறையையும் சைக்கிள்களின் நிறையையும் கூட்டிப் பார்த்தார். மின்சார சைக்கிளின் பற்றரியைக் கழற்றிக் காருக்குள் வைத்தால் கணக்குச் சரிவந்தது. கடைக்காரப் பையன் காட்சிக்கு நின்ற மின்சார சைக்கிளைத் தூக்கிக் காட்ட வந்தபோது அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தானே முன் சக்கரத்தை வைத்து, பின் சக்கரத்தை வைத்து, மறுபடி இறக்கினார். இறக்கியும் பார்த்த பிறகுதான் வாங்குவதாகச் சொன்னார்.

முதல் பயணத்தன்று காலையில் போனால் வீட்டு முன்றலில் சனம். பெரிய மாமாவும் அவருடைய மகன்மாரும் சட்டைக் கைகளைச் சுருட்டி விட்டுக்கொண்டு நின்றார்கள். அண்ணி எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். ஒருவரையும் கிட்ட விடவில்லை. கனமானது காரோடு ஒட்டி இருக்க வேண்டும் என்று மின்சார சைக்கிளை முதலில் ஏற்றினார். பிறகு மற்ற மூன்றும். பட்டிகளை இறுக்கி, சைக்கிளைப் பிடித்து உலுக்கினார், கார்தான் ஆடியது. மாமாவுக்குக் கையில் கோப்பையோடு என்ன செய்வதென்று தெரியவில்லை. பயணத்துக்கு எல்லாம் தயார். பயணத்தின் நாயகர் மட்டும் உள்ளே சோபாவில் இருந்தார். மனுசி தூக்க, தான் பார்த்துக்கொண்டு நிற்பதோ என்பதுதான் அவருடைய வழக்கு. அவர் வராவிட்டால் அத்தனை சைக்கிளையும் இறக்கத்தான் வேண்டும்.

தாங்கி காரின் பின்விளக்குகளை மறைத்துவிடும். அதனால் அதற்கென்று தனி விளக்குகளும் நம்பர் பிளேட்டும் உண்டு. வெளிக்கிட முன்னர் அவை எரிகின்றனவா என்று பார்க்க வேண்டும்: ஒருவர் முன்னால் இருந்து மிதிக்க வேண்டும், மற்றவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். நான் ஓட்டுநர் கதவில் கை வைத்தேன். அண்ணி பார்த்த பார்வையில் கையை எடுத்துவிட்டேன். அவர் வாசற்படிவரை போய், உள்ளே பார்த்து, சாதாரணமான குரலில் சொன்னார்.

"இஞ்சாருங்கோ. ஒரே நேரத்தில முன்னுக்கும் பின்னுக்கும் நிக்க எனக்கு ஏலாது. வந்து பிரேக்கை மிதியுங்கோ."

உள்ளே தொலைக்காட்சி நின்றது. கோல் தரையில் ஊன்றுகிற ஓசை நடைவழியால் வந்தது. அண்ணை ஒருவரையும் பார்க்காமல் ஓட்டுநர் இருக்கையில் ஏறி இருந்தார். பின்னால் நின்ற அண்ணி ஒவ்வொன்றாகக் கேட்டார், இடது சிக்னல், வலது சிக்னல், பிரேக். ஒவ்வொரு விளக்கும் எரிந்ததைக் கண்டதும், எரிகிறது என்று அண்ணியே "ஓம்" என்றார். கடைசி ஓமுக்குப் பிறகு அண்ணை கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "எல்லாம் வடிவா இறுக்கினனீரோ?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா வேறு பக்கம் பார்த்து இருமினார்.

அன்று கடலோரப் பாதையில் அண்ணை தள்ளாடித் தள்ளாடித்தான் சைக்கிள் ஓடினார், கோலை அதிலேயே கட்டிக்கொண்டு. அதன்பிறகு எத்தனையோ விடுமுறைகள் அப்படிப் போயின. தூக்குவது அண்ணி, மிதிப்பது அண்ணை. வேறொருவர் அந்த இருக்கையில் இருந்து மிதித்ததை நான் கண்டதில்லை.

போன மாரிகாலத்தில் அண்ணை தவறிப்போனார். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கையோடு, இனி அந்தத் தாங்கி எதற்கு, கழற்றி விற்றுவிடுங்கள் என்று சொந்தங்கள் சொல்லத் தொடங்கின. அண்ணி எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார்.

பள்ளிகளுக்கு வசந்த விடுமுறை விட்டதும், கடலுக்குப் போகிறோம் என்று மகள் செய்தி அனுப்பினாள். தூக்கவிடமாட்டார் என்று தெரிந்தும், மனம் கேளாமல் விடிய எழும்பிப் போனேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தாங்கியில் காரோடு ஒட்டி அண்ணையின் சைக்கிள் நின்றது. இனி அதில் ஓடப்போவது அண்ணி. பிள்ளைகள் இன்னும் உள்ளே பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் கதவு திறந்திருந்தது. அண்ணி குனிந்து, நீளத்தைக் குறைத்த அந்தக் கோலின் ஒரு நுனியைப் பிரேக்கிலும் மறு நுனியை இருக்கையின் விளிம்பிலும் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிப் பின்னால் போனார்.

"நான் இருந்து மிதிக்கிறன் அண்ணி" என்றேன்.

"வேண்டாம் தம்பி. அது அவரின்ர வேலை."

ஈரத் தரையில் சிவப்பு வெளிச்சம் விழுந்து கிடந்தது. அண்ணி குனிந்து இரண்டு விளக்குகளையும் பார்த்தார். பிறகு, முன்னிருக்கைக்குக் கேட்கும்படியாக, "ஓம்" என்றார்.