அப்பாவின் வயிறும் ஒயில் கும்மியும்

அக்காவின் நிச்சயதார்த்தப் பந்தியில் அப்பாவின் சட்டைப் பொத்தான் தெறித்து, எதிர்வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சம்பந்தியின் பாயசத்தில் விழுந்தது. பந்தியே சிரித்தது, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அப்பாதான். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப்செட் பட்டறை வைத்திருந்த அவருக்குக் கையும் காலும் ஒல்லி, வயிறு மட்டும் பானை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எங்கள் பக்கத்தில் அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. "மொதலாளின்னா இப்படியல்லோ இருக்கோணும்" என்பார்கள்.

பெரியப்பாவின் காலை எடுத்த அன்று அந்தச் சிரிப்பு நின்றுபோனது. கால் விரலில் வந்த புண் ஆறாமல் புரையோடி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சர்க்கரை வியாதி. தாத்தாவும் அதில்தான் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அப்பா சாப்பிடாமல், தன் பாதங்களைத் தடவியபடியே உட்கார்ந்திருந்தார்.

அம்மா விடவில்லை. காந்திபுரத்து டாக்டரிடம் அவரை இழுத்துக்கொண்டு போனாள், நானும் போனேன். டாக்டர் நீல மருந்தில் சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கண்ணாடிக் குழாயை விளக்கில் காய்ச்சினார். சர்க்கரை இருந்தால் பச்சையாகும், அதிகமென்றால் செங்கல் நிறமாகும் என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். நீலம் நீலமாகவே நின்றது.

"இப்போதைக்கு ஒண்ணுமில்லீங்க. ஆனா அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வந்தது உங்களுக்கும் வரப் பாக்கும். இந்த வயித்துக் கொழுப்பு அதைச் சீக்கிரமாக் கூட்டியாந்துரும். மொதல்ல இதைக் கரைச்சுப்போடுங்க" என்றார் டாக்டர்.

மறுநாளே அப்பா மேட்டுப்பாளையம் ரோட்டில் நடக்கக் கிளம்பினார். விட்டால்தானே! வண்டியில் போகிறவர்களெல்லாம் நிறுத்தி, "ஏனுங்க, கார் ரிப்பேருங்களா? ஏறுங்க, கொண்டுபோய் உடறேன்" என்றார்கள். மறுக்கக் கூச்சப்பட்டு ஏறி ஏறி, நடந்ததைவிடச் சவாரி செய்ததே அதிகம்.

"நடக்க வெக்கமுன்னா ஆடப் போங்க. மாரியம்மன் கோயில் மைதானத்துல ஒயில் கும்மி பழகறாங்கல்ல" என்றாள் அம்மா, விளையாட்டாக. அப்பா நிஜமாகவே போய்விட்டார். முதல் பாட்டு முடிவதற்குள் மூச்சிரைத்து உட்கார்ந்தார். வயிறு எப்போதும் ஒரு தாளம் பின்தங்கியே குலுங்கியது. பட்டறை ஆட்களே வரிசையில் நின்று சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே மறுநாளும் போனார். வீட்டில் அம்மா சோற்றைப் பாதியாக்கி, கொள்ளுப் பருப்பையும் கீரையையும் கூட்டினாள். மாதங்கள் போயின. ஒருநாள் முற்றத்திலிருந்து கத்தினார்: "கண்ணு, இங்க வா! நின்ன வாக்குல என்ற கால்வெரலு தெரியுது பாரு!"

பரம்பரையை அவரால் முழுதாக ஏமாற்ற முடியவில்லை. முதுமையில் சர்க்கரை வரத்தான் செய்தது. ஆனால் கடைசிவரை இரண்டு காலாலும் நடந்தார். இன்று டாக்டர் என் இடுப்பை நாடாவால் அளந்து, குடும்பத்தில் யாருக்காவது சுகர் உண்டா என்று கேட்கும்போது எனக்குப் பயம் வருவதில்லை. அப்பா ஆடப் பழகிய வருடத்து மாரியம்மன் நோம்பித் திருவிழாதான் நினைவுக்கு வருகிறது.

அப்பா சலங்கை கட்டி முன்வரிசையில் நின்றார். பெரியப்பாவை நாற்காலியோடு தூக்கிவந்து மைதானத்து ஓரத்தில் உட்காரவைத்திருந்தார்கள். பாட்டின் வேகம் ஏற ஏற, அப்பா வியர்வை ஒழுகச் சுழன்று சுழன்று ஆடினார். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் பெரியப்பா கைத்தடியைத் தரையில் தட்டிக் குரல் கொடுத்தார்.

"தம்பி, நிறுத்தீராத! என்ற காலுக்கும் சேத்தி ஆடு!"

பாட்டுக்காரர் சிரித்துக்கொண்டே அடுத்த பாட்டை எடுத்தார். அப்பா ஆடினார்.